முன்பே எடுத்த முடிவுகள்

2011 ஜனவரி 28, வெள்ளிக்கிழமை. திருப்பூரின் சாயப்பட்டறைகள், சலவைப்பட்டறைகள், அவற்றின் கழிவுநீரைச் சுத்திகரிக்க வேண்டிய பொது நிலையங்கள் அனைத்தையும் மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது அன்றுதான். மறுநாள் சனிக்கிழமை, ஊரெங்கும் வாரச் சம்பளம் கொடுக்கும் நாள். இடையிலிருந்த அந்த இரவில் திருப்பூரில் தூங்கிய முதலாளிகள் அதிகம் பேர் இருந்திருக்க மாட்டார்கள். எங்கள் முதலாளி தூங்கினார். அவருடைய மனைவி, நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுபவர், இதைப் பிற்பாடு என்னிடம் சொன்னார். இத்தனை ஆண்டுகளாகத் தொழிலில் இருந்து நான் கற்றவற்றில் பெரும்பகுதி, அந்த மனிதரால் அன்றிரவு எப்படித் தூங்க முடிந்தது என்ற கேள்விக்கான பதில்தான்.

எங்களுடையது நடுத்தரமான ஏற்றுமதி நிறுவனம். ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் டீ-சர்ட்டும் குழந்தைகள் உடையும் அனுப்பிக்கொண்டிருந்தோம். பையரிடமிருந்து ஆர்டர் வருவதிலிருந்து தூத்துக்குடிக்கு கண்டெய்னர் கிளம்புவது வரை கவனிப்பது என் பொறுப்பு. நூல் வாங்கி நிட்டிங்குக்குக் கொடுப்போம். பின்னி வந்த துணி சாயப்பட்டறைக்குப் போய் நிறமேறித் திரும்பும். காம்பாக்டிங் முடித்து கட்டிங் மேசைக்கு வரும். பிறகு தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். இந்த வரிசையின் நடுவில் இருப்பது சாயம். அதனால் பட்டறை மூடிய அன்றே தையல் மெஷின்கள் நின்றுவிடாது. கையிலிருக்கும் சாயத்துணி தீரும் வரை ஓடும். பிறகு ஒவ்வொரு லைனாக நிற்கும். 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே நேரத்தில் மூடப்பட்டபோது, எந்த வாரம் எந்த லைன் நிற்கும் என்பதை விரல்விட்டுச் சொல்லிவிடலாம் போலிருந்தது.

அந்த உத்தரவு திடீரென்று வந்ததாக ஊரில் பலர் சொன்னார்கள். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அப்படித் தெரியாது. நொய்யல் ஆற்றின் ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கில், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாற வேண்டும் என்று 2006இலேயே உயர் நீதிமன்றம் கெடு வைத்தது. 2009இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதற்கும் பிறகு ஆற்றில் சாயநீர் ஓடியதால்தான் விவசாயிகள் மறுபடியும் நீதிமன்றப் படியேறினார்கள்.

பருத்தியில் ரியாக்டிவ் சாயம் பிடிப்பதற்கு உப்பு வேண்டும். கருப்பு, நேவி போன்ற அடர்நிறம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60, 80 கிராம் வரைகூடப் போடுவார்கள். சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும். உப்பு முழுவதும் தண்ணீரோடு வெளியே வரும். நிறத்தை எடுத்துவிட்டால் அந்தத் தண்ணீர் பார்வைக்குத் தெளிந்துவிடும், ஆனால் கரைந்த உப்பு அப்படியே இருக்கும். அதைப் பிரிக்க ஆர்.ஓ. சவ்வுகள் வேண்டும், அதில் மிஞ்சும் கரைசலைக் கொதிக்கவைத்து வற்றவைக்க எவாப்பரேட்டர் வேண்டும், அதற்கு விறகும் நீராவியும் மின்சாரமும் வேண்டும். பணம் தின்னும் வேலை. ராத்திரியில் வால்வைத் திறந்துவிட்டால் ஒரு செலவும் கிடையாது.

நான் வேலையில் சேர்ந்த புதிதில், பொறுப்புக்கு வந்த எங்கள் சிலரை முதலாளி காரில் ஏற்றி ஒரத்துப்பாளையம் அணைக்குக் கூட்டிப்போனார். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் நொய்யலின் குறுக்கே, பாசனத்துக்காக 1990களின் தொடக்கத்தில் கட்டிமுடித்த அணை அது. சில ஆண்டுகளிலேயே, தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று கீழ்ப்பகுதி விவசாயிகளே கேட்க வேண்டிய நிலை வந்தது. நாங்கள் போனபோது கரையோரம் நுரை ஒதுங்கியிருந்தது. தண்ணீரின் நிறத்தை இன்னதென்று சொல்லத் தெரியவில்லை. பக்கத்துத் தோட்டமொன்றில் தென்னைகளின் மட்டை பழுத்துத் தொங்கியது. தோட்டக்காரர் எங்களைக் கிணற்றடிக்கு அழைத்துப்போய் ஒரு வாளி இறைத்து வைத்தார். கட்டியிருந்த எருமை அதை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"பனியனுக்கு வெல போட்டு விக்கறீங்க. இந்தத் தண்ணிக்கும் சேத்து வெல போட்டிருக்கீங்களாங்க?" என்று அவர் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

முதலாளியும் தோட்டங்காடு வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர்தான். திரும்பும் வழியில் அவர் சொன்னார்: "இனிமே சாயக் கூலில மட்டும் பேரம் பேசாதீங்க. நீங்க கிலோவுக்கு ரெண்டு ரூவா கொறச்சா, அவன் அந்த ரெண்டு ரூவாய ஆத்துல இருந்துதான் எடுப்பான்."

அன்றைக்கு ஆர்டருக்கு ஒரு குறையும் இல்லை. யாரும் எங்களை நெருக்கவில்லை. எந்தத் தணிக்கையும் வரவிருக்கவில்லை. அப்படியொரு அமைதியான நாளில் அந்த விதியை அவர் வைத்தார். நூலில் பேரம் உண்டு, அட்டைப்பெட்டியில் பேரம் உண்டு, சாயத்தில் மட்டும் கிடையாது. சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினராக இல்லாத பட்டறைக்கு எங்கள் துணி போகாது. திருட்டுத்தனமாகத் தண்ணீர் விடுகிற பட்டறைக்காரரை ஊரே திட்டும். அந்தக் கூலிக்கு அவரை நெருக்கித் தள்ளியவரின் பெயர் எந்த வழக்கிலும் வராது. இதைப் புரிந்துகொண்ட முதலாளியிடம் வேலை பார்த்தது என் வாழ்க்கையில் வாய்த்த பெரிய கல்வி.

இதேபோல இன்னொரு விதியும் அவரிடம் இருந்தது. 2007இல் டாலர் மதிப்பு இறங்கிக்கொண்டே வந்தது. ஆண்டுத் தொடக்கத்தில் 44 ரூபாயாக இருந்தது, முடிவில் 39 ரூபாய் அளவுக்கு வந்துவிட்டது. டாலரில் விலை பேசி ரூபாயில் கூலி கொடுக்கும் ஊருக்கு இது பெரிய அடி. அந்த நேரத்தில் வங்கிக்காரர்கள் விதவிதமான அந்நியச் செலாவணி ஒப்பந்தங்களைக் கொண்டுவந்தார்கள். சில ஒப்பந்தங்கள் சுவிஸ் பிராங்கையும் ஜப்பானிய யென்னையும் வைத்து எழுதப்பட்டவை. எங்கள் ஏற்றுமதிக்கும் அந்த நாணயங்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எங்களிடம் வந்த அதிகாரி லாபக் கணக்கை அழகாகப் போட்டுக் காட்டினார். முதலாளி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நட்டம்னா எவ்வளவு வரைக்கும் போகுமுங்க?" அதற்கு நேரான பதில் வரவில்லை. "புரியாத காயிதத்துல நான் கையெழுத்துப் போடறதில்லீங்க" என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டார். 2008இல் அந்த ஒப்பந்தங்கள் கவிழ்ந்தபோது திருப்பூரில் பல ஏற்றுமதியாளர்கள் பெரும் நட்டப்பட்டு நீதிமன்றத்துக்கு அலைந்தார்கள். அதை முன்கூட்டியே கணிக்கும் அறிவு தனக்கு இருந்ததாக எங்கள் முதலாளி ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை. புரியாததைத் தொடுவதில்லை என்று முன்பே முடிவு செய்திருந்தார், அவ்வளவுதான்.

மூன்றாவது விதி எங்கள் அலுவலகத்துக்கானது. கெட்ட செய்தி யார் கையிலும் ஒரு ராத்திரி தங்கக் கூடாது. துணியில் கறை வந்ததா, நூல் மாறிவிட்டதா, லேப் டிப் என்ற சாய மாதிரி தேறவில்லையா, எதுவானாலும் அன்று மாலைக்குள் அவருக்குத் தெரிய வேண்டும், முடிந்தால் பையருக்கும் தெரிய வேண்டும். சொன்னவரை அவர் திட்டியதே கிடையாது. ஒளித்தவரை மன்னித்ததும் கிடையாது.

இந்த மூன்றும் முன்பே இருந்ததால், அந்த வெள்ளிக்கிழமை மாலை அவர் தீர்மானிக்க வேண்டியவை கொஞ்சமே. என்னையும் கணக்குப் பிள்ளையையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். கையில் எத்தனை கிலோ சாயத்துணி இருக்கிறது, பட்டறையில் எவ்வளவு சிக்கியிருக்கிறது, எந்த ஆர்டருக்கு எந்தத் தேதி கெடு, வங்கியில் வாங்கிய பேக்கிங் கிரெடிட் எப்போது கட்ட வேண்டும், எத்தனை வாரச் சம்பளத்துக்குக் கையில் பணம் இருக்கிறது. ஐந்து கேள்விகள், ஒரு தாள். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எட்டு மணிக்கு வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் சம்பளம் கொடுப்பதற்கு முன் எல்லோரையும் தையல் ஹாலில் கூட்டினார். மதுரை, தேனி, புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்தவர்களும், பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். தாளில் இருந்ததை அப்படியே சொன்னார். கட்டிங்குக்குத் துணி சுமார் இரண்டு வாரத்துக்கு வரும். அதற்குப் பிறகு முழு ஷிப்ட் இருக்குமா என்று சொல்ல முடியாது. வேலை இல்லாத நாளுக்கும் பாதிக் கூலி உண்டு. பீஸ் ரேட்டில் தைப்பவர்களுக்கும் அந்த நாட்களில் ஷிப்ட் கணக்கு. எத்தனை வாரம் தன்னால் அப்படிக் கொடுக்க முடியும் என்பதையும் சொன்னார். "வேற எடத்துல வேலை கெடச்சா தாராளமாப் போங்க, பாக்கிய அன்னிக்கே தீத்துத் தந்தர்றேன். நெலம மாறுனா நானே போன் பண்ணிக் கூப்படறேன்" என்றார். இந்தியில் எடுத்துச் சொல்ல ஒரு சூப்பர்வைசரை நிறுத்தினார். அவர் மொழிபெயர்த்து முடிக்கும் வரை காத்திருந்து அடுத்ததைப் பேசினார்.

எனக்கு ஒரு கவலை இருந்தது. நிலைமையை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னால் திங்கட்கிழமை பாதிப் பேர் வரமாட்டார்களே என்று கேட்டும்விட்டேன். "போறவங்க சொல்லாட்டியும் போவாங்க, அம்முணி. சொன்னா, இருக்கறவங்க நம்பி இருப்பாங்க" என்றார். சிலர் போனார்கள். பெரும்பாலானோர் இருந்தார்கள். போனவர்களிலும் பலர், பின்னாளில் அவர் போன் செய்தபோது திரும்பி வந்தார்கள்.

திங்கட்கிழமை பையர்களுக்குக் கடிதம் எழுதினோம். குளிர்காலத்தில் ஐரோப்பாவுக்கும் நமக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். அவர்கள் அலுவலகம் திறக்கும்போது கடிதம் மேசையில் இருக்க வேண்டும் என்று மதியத்துக்குள் எல்லாவற்றையும் அனுப்பச் சொன்னார். நீதிமன்ற உத்தரவு என்ன, எந்த ஆர்டர் தேதிக்குக் கிளம்பும், எது கிளம்பாது, எதற்கு மாற்று வழி உண்டு என்று ஆர்டர்வாரியாக எழுதினோம். மன்னிப்பையும் நம்பிக்கை வார்த்தைகளையும் அடித்துவிட்டார். தேதிகளை மட்டும் வைத்தார். ஒரு பையர் ஆர்டரை ரத்து செய்தார். ஒருவர் தேதியை நீட்டித்தார். இன்னொருவர், பின்னிய பிறகு சாயமேற்றத் தேவையில்லாத மெலாஞ்ச் நூலில் அதே மாடலைத் தைத்துத் தரச் சம்மதித்தார். இந்த மூன்றாவது பதில், கடிதம் பத்து நாள் கழித்துப் போயிருந்தால் வந்திருக்காது.

அந்த வாரக் கடைசியில் ஓர் ஏஜென்ட் வந்தார். மாவட்டத்துக்கு வெளியே ஒரு தோட்டத்தில் ஷெட் போட்டு இரண்டு சாஃப்ட் ஃப்ளோ சாய மெஷின் இறக்கியிருப்பதாகச் சொன்னார். போர் தண்ணீர், ராத்திரி ஓட்டம், நாலு நாளில் துணி கையில். பில் வேறொரு பட்டறையின் பெயரில் வரும், பையரின் தணிக்கைக்கும் காட்டலாம். கழிவுநீர் எங்கே போகும் என்று முதலாளி கேட்டார். பக்கத்தில் ஓர் ஓடை இருக்கிறதாம்.

அந்த மாதங்களில் இப்படிப்பட்ட ஷெட்டுகள் பல மாவட்டங்களில் முளைத்ததும், அதிகாரிகள் தேடித்தேடி இடித்ததும் செய்தித்தாள்களில் வந்தன. எங்கள் நிலைமையில் அந்த நாலு நாள் என்பது ஒரு பெரிய ஆர்டரையே காப்பாற்றியிருக்கும். மறுத்தால் என்ன இழப்பு என்று நான் போட்ட கணக்கு அவர் மேசையில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் ஏஜென்டிடம் பேசினார்: "கோர்ட்டு நம்மூரு ஆத்தக் காப்பாத்தச் சொல்லியிருக்குது. அடுத்த ஊரு கெணறு எப்படிப் போனாலுஞ் செரின்னா சொல்லியிருக்குது?" அவ்வளவோடு அது முடிந்தது. அதன் பிறகு அவர் அதைப் பற்றி யோசித்ததாகவோ, விட்டுவிட்டோமே என்று வருந்தியதாகவோ எனக்குத் தெரியவில்லை. ஒரத்துப்பாளையத்திலிருந்து திரும்பிய அந்தப் பயணத்திலேயே இதற்கும் சேர்த்து அவர் பதில் சொல்லிவிட்டிருந்தார்.

துணியை அகமதாபாத்துக்கும் லூதியானாவுக்கும் லாரியில் அனுப்பிச் சட்டப்படி ஓடிய பட்டறைகளில் சாயமேற்றினோம். அதில் வேறு தொல்லைகள். அந்த ஊர்த் தண்ணீரில் ஷேடு மாறும், லேப் டிப் மறுபடி மறுபடி போட வேண்டும். போய்வரும் நாட்கள் கூடும், சுருக்கம் வேறு மாதிரி வரும். பஞ்சு விலையும் அதே நேரத்தில் எகிறியது. 2011 மார்ச்சில் ஒரு கண்டி 60,000 ரூபாயைத் தாண்டியது, முந்தைய ஆண்டு அதில் ஏறத்தாழ பாதிதான் இருந்தது. மின்வெட்டுக்கு ஜெனரேட்டர் டீசல் தனி. தேதி தவறிய ஒரு ஆர்டரை எங்கள் செலவிலேயே விமானத்தில் அனுப்பினோம். அதற்காக அவினாசிப் பக்கம் வாங்கிப் போட்டிருந்த சைட்டை விற்றார். வங்கிக் கடன் தவணை தவறுவதற்கு முன்னரே மேலாளரைப் போய்ப் பார்த்து, அதே தாளைக் காட்டி, கால அவகாசம் கேட்டு வாங்கினார்.

நெருக்கடியை அவர் எப்படித் தாங்கினார் என்பதைவிட, எங்கள் மேல் விழாமல் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பதைச் சொல்ல வேண்டும். மெர்ச்சண்டைசிங்கில் எல்லோரும் இருபதுகளில் இருந்த பிள்ளைகள். பையர் தரப்பிலிருந்து நாளெல்லாம் போன் வரும், குரல் உயரும். ஒரு பெண் போனை வைத்துவிட்டு அழுததை அக்கா பார்த்தார். அன்றிலிருந்து தாமதமான ஆர்டர் பற்றிய எந்தப் போனையும் முதலாளிதான் எடுத்தார். அவருடைய ஆங்கிலம் சரளமானதல்ல. நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். "தப்புப் பண்ணாத புள்ள எதுக்குத் திட்டு வாங்கோணும்? வெலயும் தேதியும் பேசினவன் நான்" என்பார். கோபம் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே போவதுதான் பெரும்பாலான அலுவலகங்களின் வழக்கம். பையர் முதலாளியைத் திட்டுவார், முதலாளி மேனேஜரை, மேனேஜர் சூப்பர்வைசரை, கடைசியில் செக்கிங்கில் நிற்கும் பெண்ணின் தலையில் வந்து விடியும். எங்கள் நிறுவனத்தில் அது அவர் மேசையோடு நின்றது. என்னைப் பொறுத்தவரை தலைமை என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பொருள் கிடையாது.

தன் உடம்பையும் அவர் பார்த்துக்கொண்டார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தவர். இரவு எட்டு மணிக்கு மேல் எந்தத் தீர்மானமும் கிடையாது, காலையில் பேசிக்கொள்ளலாம் என்பார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாரையும் மேசையில் உட்கார விடமாட்டார். சிரமத்தை மறைக்கவும் இல்லை. "எனக்கும் பயமாத்தான் இருக்குது" என்று வாய்விட்டுச் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். முதலாளியே அப்படிச் சொன்னதும், எங்களுக்கும் பயத்தை ஒளித்துவைக்கும் வேலை இல்லாமல் போனது. அந்த ஆண்டுகளில் கடன் நெருக்கி ஊரைவிட்டுப் போனவர்களும் உண்டு, உயிரை விட்டவர்களும் உண்டு. அவர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் திறமையில் குறைந்தவர்கள் அல்லர். மனைவிக்குத் தெரியக் கூடாது, வங்கிக்குத் தெரியக் கூடாது, தொழிலாளிக்குத் தெரியக் கூடாது என்று எல்லாவற்றையும் தங்களுக்குள்ளேயே பூட்டிவைத்துத் தனியாகிப்போனவர்கள். யாராவது ஒருவரிடம் முழுக் கணக்கையும் சொல்லியிருந்தால் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

சுத்திகரிப்பு நிலையங்களை மேம்படுத்தத் தமிழ்நாடு அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. உப்புக் கரைசலையே மறுபடி சாயமேற்றப் பயன்படுத்தும் முறை அருள்புரத்தின் பொது நிலையத்தில் முதலில் வெற்றி கண்டது. அந்த ஆண்டின் பிற்பகுதியிலிருந்து பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. சாயக் கூலி உயர்ந்தது, உயர்ந்தே ஆக வேண்டும். திருப்பூர் முடிந்தது என்று அன்றைக்குச் சொன்னார்கள். 2021-22இல் ஊரின் ஏற்றுமதி 33,000 கோடி ரூபாயைத் தாண்டியது. கழிவுநீரைத் திரும்பப் பயன்படுத்தும் நகரம் என்பதையே இப்போது பையர்களிடம் பெருமையாகச் சொல்லி ஆர்டர் வாங்குகிறார்கள். அந்தப் பெருமையில் முதல் பங்கு, வழக்கை விடாமல் நடத்திய நொய்யல் கரை விவசாயிகளுக்கு உரியது. கெட்டுப்போன அவர்களுடைய நிலமும் கிணறும் இன்னும் முழுதாகத் தேறவில்லை என்பதை ஏற்றுமதிக் கணக்கோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

எங்கள் நிறுவனத்துக்கு 2011 நட்டத்தில்தான் முடிந்தது. நேர்மையாக இருந்ததற்கு உடனே பரிசு கிடைத்தது என்று எழுத எனக்கு மனமில்லை, ஏனென்றால் அப்படி நடக்கவில்லை. ஏஜென்டின் ஷெட்டில் சாயம் போட்டு அந்தப் பருவத்தில் லாபம் பார்த்தவர்களும் ஊரில் இருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது வேறு. அடுத்த ஆண்டு அந்த மூன்று பையர்களில் இருவர் இன்னும் பெரிய ஆர்டரோடு வந்தார்கள். சூப்பர்வைசர்களில் ஒருவர்கூட விலகவில்லை. எந்தத் தணிக்கை அதிகாரி எந்தக் கோப்பைக் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிட்டு எங்கள் வேலையைப் பார்க்க முடிந்தது.

இன்று நானும் சிறிய அளவில் சொந்தமாகத் தொழில் செய்கிறேன். அப்பாவின் நிறுவனத்தை ஏற்றுக்கொள்ளும் இளைஞர்கள் சிலர், மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி என்று என்னிடம் கேட்பதுண்டு. தூக்கம், நடை, உணவு எல்லாம் வேண்டும்தான். ஆனால் தொழிலில் ஒருவரை அரித்துத் தின்பது பெரும்பாலும் வேலையின் சுமை அன்று. செய்யலாமா வேண்டாமா என்ற ஊசலாட்டமும், செய்ததை மறைக்க வேண்டிய கட்டாயமும்தான். ஆகவே அவர்களிடம் நான் சொல்வது இதுதான். ஆர்டரும் பணமும் குறைவில்லாமல் இருக்கும் ஒரு நாளில் உட்கார்ந்து, எந்த நிலைமையிலும் நீங்கள் செய்யப்போவதில்லை என்பவற்றை எழுதுங்கள். உடன் வேலை செய்பவர்களுக்கு அதைப் படித்துக் காட்டுங்கள். நெருக்கடி வரும் நாளில் புதிதாக நேர்மையைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. அன்றைக்குக் கைகொடுப்பது, நல்ல நாளில் எடுத்துவைத்த முடிவு மட்டுமே.